கேன்யனிங் கற்றுக்கொடுக்கவும் அதற்கொரு கைப்புத்தகம் எழுதவும்: ரீயூனியனிலிருந்து ஒரு வழிகாட்டி

ரீயூனியனுக்குப் புதிதாக வரும் தமிழர்கள் முதலில் கடலைத்தான் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் கண் மலைப்பக்கம் திரும்பிவிடும். சிலாவோஸ், சலாசி, மஃபாத் என்று தீவின் நடுவே மூன்று பெரும் பள்ளங்கள். அவற்றின் செங்குத்துச் சுவர்களை அறுத்துக்கொண்டு ஓடைகள் இறங்குகின்றன. அந்த ஓடைக்குள்ளேயே, தண்ணீர் போகும் வழியே, கயிற்றில் இறங்கியும் நீந்தியும் வழுக்கியும் குதித்தும் போவதுதான் கேன்யனிங். இதற்கென்றே உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் இந்தத் தீவுக்கு வருகிறார்கள்.

நீங்கள் ஏற்கெனவே ஒரு கிளப்பில் சேர்ந்து, பயிற்சி பெற்று, பல ஓடைகளில் இறங்கியவராக இருக்கலாம். இப்போது உங்கள் தெருவில் இருக்கும் புதுச்சேரிக் குடும்பமோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தம்பியோ, கோயில் தமிழ் வகுப்பில் படிக்கும் இளைஞர்களோ "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பிரெஞ்சு இன்னும் பிடிபடவில்லை. அருவிச் சத்தத்துக்கு நடுவே வேற்று மொழியில் வரும் ஒரு கட்டளையைத் தவறாகப் புரிந்துகொள்வது உயிருக்கு ஆபத்து. அதனால்தான் தமிழில் சொல்லிக்கொடுப்பதும், தமிழில் ஒரு சிறு கைப்புத்தகம் இருப்பதும் தேவையென்று நினைக்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை எழுதி முடித்துவிட்டு அப்புறம் பாடம் நடத்தலாம் என்று திட்டம் போடாதீர்கள். பாடம்தான் முதலில். கற்க வந்தவர் எதைக் கேட்டார், எதை மறந்தார், எங்கே கை நடுங்கி நின்றார் என்று பார்த்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கமாக எழுதுங்கள். மேசையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் நமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லும். கற்பவருக்கு வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடும்.

தொடங்குமுன்: யார் கற்றுக்கொடுக்கலாம்?

ரீயூனியன் பிரான்சின் ஒரு மாகாணம். பிரெஞ்சுச் சட்டப்படி காசு வாங்கிக்கொண்டு கேன்யனிங் கற்றுக்கொடுக்க அரசு பட்டயம் வேண்டும். பெட்ரோல் செலவுக்கென்று வாங்கும் தொகையும் சிக்கலில் முடியலாம். ஆகவே நண்பர்களாகச் சேர்ந்து செய்தாலும் ஒரு கிளப்பின் குடைக்கீழ் செய்யுங்கள். மலையேற்றக் கூட்டமைப்பு, குகை ஆய்வுக் கூட்டமைப்பு, ஆல்பைன் கிளப்களின் கூட்டமைப்பு ஆகிய மூன்றுமே தன்னார்வப் பயிற்றுநர்களைத் தயார்செய்கின்றன. கூட்டமைப்பின் உரிமச் சீட்டு எடுக்கும்போதே காப்பீட்டையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கணக்கு: பயிற்சி பெற்ற இருவருக்குப் புதியவர்கள் நால்வர். இது சட்டமில்லை, என் கணக்கு. ஒருவர் மேலே கயிற்றைப் பார்க்க வேண்டும், ஒருவர் கீழே நிற்க வேண்டும். ஐந்தாவது ஆளாக ஒன்றுவிட்ட தம்பி வந்து நின்றால், அடுத்த முறை வரச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நீச்சல் தெரியாதவரை ஓடைக்கு அழைத்துப் போகாதீர்கள். குளிர் தாங்கப் போடும் நெயோப்ரீன் என்ற ரப்பர் உடை மிதக்கவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது பதறாமல் இருக்க நீச்சல் பழக்கம் வேண்டும். முதலில் நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள்.

முதல் பாடம்: திரும்பி வருவது

பெரும்பாலான பயிற்சிகள் முடிச்சிலிருந்து தொடங்கும். நான் வானத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்.

1966 ஜனவரியில் தெனிஸ் புயலின்போது இந்தத் தீவின் ஃபொக்-ஃபொக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலில் கொமேர்சோன் எரிமலை வாய்ப் பகுதியில் மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர். இரண்டும் உலகச் சாதனைகள். சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டித்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால், இங்கே மலை மேல் விழும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று புரியும். அந்தத் தண்ணீர் போவதற்கு ஒரே வழி, நாம் இறங்கி நிற்கும் அந்த ஒடுக்கமான ஓடைதான்.

புயல் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. புதியவர்களை மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் மட்டும் அழைத்துப் போங்கள். அந்த மாதங்களிலும் காலையில் பளிச்சென்று இருக்கும் மலை, நண்பகலுக்குள் மேகத்தில் மூடிக்கொள்ளும். சேன் ஆந்த்ரே கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே மேலே சலாசியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். எனவே விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

கற்க வந்தவர்களிடம் வானிலை அறிக்கையை நீங்கள் படித்துச் சொல்லாதீர்கள், அவர்களையே படிக்கவையுங்கள். பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தேயோ-ஃபிரான்ஸ் பக்கத்தைத் திறந்து, ஓடை இருக்கும் ஊரை மட்டும் பார்க்காமல், அதற்குத் தண்ணீர் வந்து சேரும் மேல்பக்கத் தலைப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். தலைப்பகுதி எது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரிந்தால் அந்தப் பாடம் முடிந்தது. அப்புறம் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய் வெள்ளத்தின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வரும். சத்தத்தின் கனம் மாறும். மண் வாசனை வரும். சற்று முன் தலை நீட்டிக்கொண்டிருந்த கல் காணாமல் போகும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கீழ்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் உயரமான இடத்துக்கு ஏறி, தண்ணீர் வடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்ற தெம்பு ஆளைக் கொண்டுபோய்விடும்.

மேலே நீர்மின் நிலையம் உள்ள ஓடை என்றால் மழையில்லாமலும் தண்ணீர் கூடலாம். தகமகா பள்ளத்தாக்கு அப்படிப்பட்டது. அங்கே புதியவர்களுக்கு வேலையில்லை.

ஒருமுறை எங்கள் குழு கயிறுகளை அடுக்கி, உடை மாட்டி, கார் நிறுத்திய இடத்திலிருந்து நடக்கத் தொடங்கியிருந்தது. மலை முகட்டில் மேகம் கறுத்திருந்ததைப் பார்த்து அப்படியே திரும்பினோம். கீழே வந்து ஒரு மரத்தடியில் சமூசாவும் பொன்பொன் பீமான் என்ற கார வடையும் சாப்பிட்டுவிட்டு, மீதி நேரம் முடிச்சுப் போட்டுப் பழகினோம். அன்று மழை வந்ததா இல்லையா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. திரும்பும் முடிவு சரியா என்பது மழை வந்ததை வைத்துத் தீர்மானிப்பதில்லை. புதியவர்கள் அன்று கற்றது அதைத்தான்.

இரண்டாவது: தரையில் பழகுவது

தண்ணீருக்குப் போகுமுன் உலர்ந்த இடத்தில் எல்லாம் கைக்குப் பழக வேண்டும். கிளப்பின் ஏறுசுவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் உறுதியான ஆங்கர் (கயிறு கட்டப் பாறையில் பொருத்திய பிடிமானம்) உள்ள நாலைந்து மீட்டர் உயரப் பாறை போதும்.

சாமான்களை விரித்து வைத்து ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுங்கள். மலையேற்றத் தர முத்திரையுள்ள ஹெல்மெட். பின்புறத்தில் தேய்மானத் தடுப்புப் பட்டை வைத்த ஹார்னஸ், அதாவது இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்க்கச்சை. இரண்டு பாதுகாப்பு வார்கள், பிரெஞ்சில் லோன்ழ் என்பார்கள். கராபினர்கள் என்ற பூட்டுள்ள உலோகக் கொக்கிகள். டிசெண்டர், அதாவது கயிற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்கும் கருவி: எட்டு வடிவத்தில் இருப்பது அல்லது பிரானா போன்ற கேன்யனிங் வகை. அதிகம் நீளாத, ஒன்பது முதல் பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு. தண்ணீர் வடிய ஓட்டை வைத்த, மிதவை போட்ட கயிற்றுப் பை. தண்ணீர் புகாத டப்பா. விசில், கத்தி, அவசரப் போர்வை. நல்ல பிடிமானமுள்ள காலணி. சிலாவோஸ் பக்கத்து ஓடைகளில் தண்ணீர் கிழக்கைவிடக் குறைவு, ஆனால் குளிரும். ஐந்து மில்லிமீட்டர் நெயோப்ரீன் உடை வேண்டும்.

புதுக் கயிறு நனைந்து காய்ந்தால் சுருங்கும். உறையில் 60 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பாமல், நனைத்துக் காயவைத்து, டேப் பிடித்து அளந்து, இரண்டு முனையிலும் நீளத்தை எழுதிவையுங்கள். கயிற்றை இரட்டையாகப் போட்டு இறங்கிக் கீழிருந்து உருவுவதென்றால் அருவியின் உயரத்தைப்போல் இருமடங்குக்கு மேல் நீளம் தேவை. சிலாவோஸின் ஃப்ளேர் ழோன் ஓடையில் பெரிய அருவி 50 மீட்டரைத் தாண்டும். அங்கே 100 மீட்டர் கயிறு காணாது. எப்போதும் உபரியாக ஒரு கயிறு இன்னொருவர் பையில் இருக்க வேண்டும்.

முடிச்சுகளை நிறையச் சொல்லிக்கொடுத்துக் குழப்ப வேண்டாம். எட்டு முடிச்சு, கபெஸ்தான் (ஆங்கிலத்தில் குளோவ் ஹிட்ச்), தெமி-கபெஸ்தான் (மன்டர் ஹிட்ச்), அதைப் பூட்டும் மியூல் முடிச்சு, கடைசியாக இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சு. இந்த ஐந்தையும் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஈரக் கையுறையோடு போடத் தெரிந்தால் முதல் வருடத்துக்கு அதுவே போதும்.

உடையிலும் நகையிலும் கறாராக இருங்கள். நீளக் கூந்தலைப் பின்னி உடைக்குள் விட வேண்டும். தலைமயிர் டிசெண்டருக்குள் இழுபட்டால் ஆள் பாதி அருவியில் தொங்கிப்போவார். மோதிரம், வளையல், காதுத் தொங்கட்டான் எல்லாம் வீட்டில். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்தாமல், சங்கிலி வெளியே வராதபடி நெயோப்ரீனுக்குள் கழுத்து வரை ஜிப் போடச் சொல்லிவிட்டு, நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். தீமிதிக்கோ காவடிக்கோ விரதமிருக்கும் நாட்களில் யாரையும் அழைத்துப் போகவேண்டாம். ஒருவேளைச் சாப்பாட்டோடு குளிர்ந்த தண்ணீரில் பல மணி நேரம் தாங்காது. விரதம் முடியட்டும், ஓடை எங்கும் போய்விடாது.

இப்போது ஒரு காட்சி. புதுச்சேரியிலிருந்து வந்த ஓர் அக்கா ஏறுசுவரின் விளிம்பில் நிற்கிறார். கயிறு டிசெண்டரில் மாட்டியாயிற்று. பின்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். சாய மாட்டேன் என்கிறது உடம்பு.

"தம்பி, கை நழுவிட்டா?"

"கீழே ஒருத்தர் கயிறைப் பிடிச்சிருக்கார் அக்கா. நீங்க இறங்கும்போது அவர் இழுத்தா நீங்க நின்னுடுவீங்க. வேணும்னா விட்டுப் பாருங்க."

அரை மீட்டர் இறங்கியதும் அவர் உண்மையிலேயே இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கயிறு இறுகி அப்படியே நின்றார். முகம் மாறியது. அதற்கப்புறம் தரை வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "கீழே பிடிக்கிறவர் எங்கே நிக்கணும்? நானும் பிடிக்கணுமே."

என் நோட்டில் கயிறு கட்டுவது பற்றி நிறைய இருந்தது, கீழே பிடிப்பவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்றே ஒரு பக்கம் சேர்ந்தது: அருவிக்கு நேர் கீழே நிற்காதே, கல் விழும், சற்றுப் பக்கவாட்டில் நில். இரண்டு கையிலும் கயிறு. இறங்குபவரின் டிசெண்டரிலிருந்து கண் எடுக்காதே. அவர் நழுவினால் கயிற்றைப் பின்னோக்கி இழு. நான் முன்னே சொன்னது இதைத்தான். கேள்வி வந்த இடத்தில் பக்கம் பிறக்கிறது.

தரையிலேயே இன்னொன்றையும் பழக்கிவிடுங்கள். மேலே உள்ளவரும் கீழே உள்ளவரும் பேசிக்கொள்ள முடியாது. எங்கள் குழுவில் விசில் ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் கயிறு கொடு, மூன்று என்றால் கயிறு இழு, நான்கு என்றால் நான் கழன்றுவிட்டேன். வேறு குழுக்களில் வேறு வரிசை இருக்கும். யாரோடு போகிறீர்களோ அவர்களோடு ஓடைக்கரையிலேயே ஒருமுறை ஒத்துக்கொள்ளுங்கள். கையைத் தலைமேல் வட்டமாக வைத்தால் சரி, நலம் என்று அர்த்தம்.

மூன்றாவது: தண்ணீரில் கயிறு கட்டும் முறை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வெறும் பாறையில் ஏறி இறங்கிப் பழகியவர்கள் ஓடைக்கு வந்ததும் தவறுவது இங்கேதான்.

உலர்ந்த பாறையில் கயிற்றின் முனையில் முடிச்சுப் போடுவார்கள், ஆள் முனையைத் தாண்டி விழாமல் இருக்க. விழும் தண்ணீருக்குள் இறங்கும்போது அந்த முடிச்சு ஆளைக் கொல்லும். அருவிக்கடியில் தண்ணீர் கொதித்துச் சுழலும் இடத்தில், முடிச்சு டிசெண்டரில் மாட்டிக்கொண்டால் கயிற்றிலிருந்து கழன்று நீந்திப்போக முடியாது. அதேபோல் கயிறு மிக நீளமாகத் தொங்கினால், கீழே சுருண்டு கிடக்கும் மிச்சம் காலில் சுற்றிக்கொள்ளும். எனவே ஓடையில் கயிற்றின் முனை தண்ணீர் மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி நீளத்தைச் சரிசெய்து, முனையில் முடிச்சில்லாமல் விடுகிறோம். இறங்குபவர் தண்ணீரைத் தொட்டதும் கயிறு தானாகவே டிசெண்டரிலிருந்து உருவிக்கொள்ளும். அவர் நீந்திப் போய்விடலாம்.

இதைச் சாத்தியமாக்குவது தளர்த்தக்கூடிய கட்டு. பிரெஞ்சில் தெப்ரேயாப்ல் என்பார்கள். ஆங்கரில் பூட்டுள்ள கராபினரைப் போட்டு, அதில் ஓர் எட்டு வடிவ டிசெண்டரை மாட்டி, கயிற்றை அதில் சுற்றி, மியூல் முடிச்சால் பூட்டிவிட வேண்டும். பாரம் வரும் நுனி அருவிக்குள் தொங்கும். மிச்சக் கயிறு மேலேயே பையில் இருக்கும். யாராவது பாதியில் மாட்டிக்கொண்டால் மேலே இருப்பவர் பூட்டை அவிழ்த்து, பாரத்தோடேயே கயிற்றை விட்டு அவரைக் கீழே இறக்கிவிடலாம். கத்தி எடுத்து அறுக்கும் நிலை வராது. இன்னொரு பயனும் உண்டு. இங்குள்ள பாறை எரிமலைப் பாறை, விளிம்பு கூர்மையாக இருக்கும். ஒவ்வொருவர் இறங்கியதும் கயிற்றை ஒரு சாண் இறக்கிவிட்டால் ஒரே இடத்தில் தேயாது.

இந்தக் கட்டைப் புதியவர் போட்டு, நீங்கள் பார்க்க வேண்டும். நீங்கள் போட்டால் அவர் வேடிக்கை பார்ப்பார். அவர் போட்டதைத் தரையில் பாரம் தொங்கவிட்டு, அவிழ்த்து இறக்கவும் சொல்லுங்கள். கட்டத் தெரிந்து அவிழ்க்கத் தெரியாதவரை மேலே விடக்கூடாது.

பாறையேற்றத்தில் பழகியவர்கள் டிசெண்டருக்குக் கீழே புருசிக் என்ற, பாரம் வந்தால் இறுகும் முடிச்சைச் சுற்றித் தற்காப்பு செய்வார்கள். கொட்டும் தண்ணீருக்குள் அது இறுகிவிட்டால் அவிழ்க்க முடியாது. ஓடையில் அதன் இடத்தில் கீழே பிடிப்பவர் இருக்கிறார். முதலில் இறங்குபவருக்குக் கீழே ஆள் கிடையாது என்பதால், அவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும்.

ஆங்கரில் இரண்டு போல்ட் இருக்க வேண்டும், இரண்டும் இணைந்திருக்க வேண்டும். துரு, நட்டின் தளர்ச்சி, பாறையில் விரிசல், கைக்கு ஆட்டம் கொடுக்கிறதா என்று பாருங்கள். விளிம்புக்குப் போகுமுன் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டே போகவேண்டும். கடைசி ஆள் இறங்குமுன், கீழே இருப்பவர் கயிற்றை ஒருமுறை இழுத்து, உருவி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கடைசி ஆளும் இறங்கிய பிறகு கயிறு மேலே சிக்கினால், இருட்டுவதற்குள் வெளியே வருவது உங்கள் கையில் இல்லை.

குதிப்பதைப் பற்றிச் சுருக்கமாக: முதலாவது ஆள் கயிற்றில் இறங்கி, நீர்க் கண்ணாடி போட்டு, ஆழத்தைப் பார்த்துச் சொல்லாமல் யாரும் குதிக்கக்கூடாது. போன மாதம் குதித்த இடம் என்பது காரணமாகாது. 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் கராஞ்ஸ் என்று புயல்கள் வந்து போனபின் ஓடைப் படுகை மாறிவிடும். ஆழமாக இருந்த குளத்தில் கல் நிரம்பியிருக்கும். குதிக்க மறுப்பவரைக் கேலி செய்பவரைக் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது: முதல் ஓடை

தொடக்கத்துக்குச் சிலாவோஸின் கொபேர் நல்லது. அல்லது சேந்த் சுசான் ஆற்றில் கயிறு அதிகம் இல்லாமல் நடந்தும் நீந்தியும் போகலாம். வழுக்குப் பாறைகளுக்குப் பேர்போன சலாசியின் த்ரூ பிளானில் தண்ணீர் வேகம் அதிகம். கயிற்றில் கை பழகி, ஓடும் தண்ணீரில் நீந்தவும் பழகிய பிறகு பார்க்கலாம். த்ரூ த ஃபேர் என்ற பெரும் பள்ளத்தின் படம் எல்லார் போனிலும் இருக்கும். அதை பெலூவ் காட்டின் காட்சி மேடையிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள், இறங்குவது நிபுணர்களுக்கு.

போகுமுன் அந்த ஓடை திறந்திருக்கிறதா என்று நகராட்சி ஆணையையும் வனத்துறைப் பாதைப் பட்டியலையும் பாருங்கள். பாறைச் சரிவுக்குப் பின் ஓடைகளையும் பாதைகளையும் மூடிவிடுவார்கள். சிலாவோஸ் சாலையே சில நாள் மூடப்படும்.

பிரெஞ்சு முறையில் ஓடையின் தரத்தை மூன்று குறிகளால் எழுதுவார்கள். 'வி' கயிற்று வேலையின் கடினம், 1 முதல் 7 வரை. 'ஆ' தண்ணீரின் கடினம், அதுவும் 1 முதல் 7. மூன்றாவது ரோமன் எண், ஒன்று முதல் ஆறு வரை; வெள்ளம் வந்தால் எவ்வளவு நேரத்தில் தப்ப முடியும், மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைச் சொல்வது. புதியவர்கள் முதல் எண்ணைப் பார்த்து, "வி மூன்றுதானே" என்பார்கள். நான் முதலில் ரோமன் எண்ணைப் பார்க்கச் சொல்வேன். அது இரண்டுக்குள் இருந்தால் வெள்ளத்துக்கு எட்டாத இடத்துக்குப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடலாம் என்று அர்த்தம். தொடக்கத்துக்கு இந்த எல்லையைத் தாண்ட வேண்டாம்.

ஐந்தாவது: கைப்புத்தகம்

பயிற்சி சில வாரம் நடந்ததும் உங்கள் நோட்டு கிறுக்கல்களால் நிறைந்திருக்கும். அதிலிருந்து புத்தகம்.

உள்ளங்கை அளவு போதும். நீர்புகாத தாள் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் லேமினேட் செய்து ஓரத்தில் துளையிட்டு மெல்லிய கயிற்றால் கோர்த்துவிடலாம். எழுதுவதற்குப் பென்சில், ஈரத்தில் மை கரையும், பென்சில் நிற்கும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். மூக்குக் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்தவரும் படிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரே விஷயம். தலைப்பே கேள்வியாக இருந்தால் தேட எளிது: "கயிறு உருவ மாட்டேன் என்கிறதா?" "ஒருவர் பாதியில் தொங்குகிறாரா?" "தண்ணீர் கலங்குகிறதா?"

கயிற்றுப் படங்களை நீங்களே கையால் வரையுங்கள். புகைப்படத்தில் எந்த நுனி முன்னே, எது பின்னே என்று தெரியாது. கோட்டோவியத்தில் பாரம் வரும் நுனிக்கு ஒரு நிறம், மிச்சத்துக்கு இன்னொரு நிறம். வரைந்த படத்தை, அந்தக் கட்டைப் பார்த்தே இராதவரிடம் கொடுத்து, தரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் தவறாகப் போட்டால் படத்தைத் திருத்துங்கள், அவரைத் திருத்தாதீர்கள்.

இயக்கச் சொற்களைத் தமிழிலும் பிரெஞ்சிலும் பக்கத்தில் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். கோர்த் என்றால் கயிறு, நூ என்றால் முடிச்சு, கஸ்காத் என்றால் அருவி. நம்மவர்கள் நாளை மற்ற குழுக்களோடும் இறங்குவார்கள். அப்போது அங்கே பேசுவதும் புரிய வேண்டும்.

ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு தாள். கார் நிறுத்துமிடம், நடைபாதை, நேரம், மிக உயர்ந்த அருவி, தேவையான கயிறு, ஒவ்வொரு ஆங்கரும் எந்தக் கரையில், வழியில் தப்பி வெளியேறும் இடங்கள், போன் சிக்னல் கடைசியாகக் கிடைக்கும் இடம். வலக்கரை, இடக்கரை என்பதை எப்போதும் தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்று சொல்ல வேண்டும். இதைத் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும், யார், எந்த மாதம், எந்த ஆண்டு நேரில் பார்த்தது என்று போடுங்கள். தேதி இல்லாத தாளை நம்பக்கூடாது என்று கற்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

அதிக உழைப்பைக் கேட்பது அவசரப் பக்கம். பதற்றத்தில் பிரெஞ்சு தெரிந்தவருக்கே வாய் வராது. எனவே பேச வேண்டிய வாக்கியங்களை அப்படியே எழுதிவையுங்கள்:

அக்சிதான் தான் ல கன்யோன் த ... (இந்த ஓடையில் விபத்து, ஓடையின் பெயரைச் சொல்லவும்)
யுன் பெர்சோன் பிளெசே (ஒருவருக்குக் காயம்)
எல் எ கோன்சியாந்த் (நினைவு இருக்கிறது)
எல் ரெஸ்பீர் (மூச்சு இருக்கிறது)
நு சொம் சிஸ் (நாங்கள் ஆறு பேர்)
லோ மோந்த் (தண்ணீர் ஏறுகிறது)

எண் 112. பணம் இல்லாத சிம்மிலும் போகும். மலை மீட்புக்கு இங்கே ழாந்தார்மெரி என்ற பிரெஞ்சுக் காவல் படையின் தனிப் பிரிவு உண்டு. பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான் வருவார்கள். இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றால் உதவி வேண்டும், ஒரு கை மேலே ஒரு கை கீழே என்றால் வேண்டாம். இந்த இரண்டு உருவத்தையும் வரைந்துவிடுங்கள். ஆனால் ஓடைக்குள் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. அதனால் வெளியே ஒருவரிடம் ஓடையின் பெயர், ஆள் எண்ணிக்கை, கார் நிற்கும் இடம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். "நாலு மணிக்குள் போன் வரவில்லையென்றால் நீங்களே 112-ஐக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லவும் வையுங்கள். கோயிலுக்குப் போய்விட்டு போனை அணைத்து வைக்கும் பழக்கமுள்ள மாமாவை இதற்கு நியமிக்க வேண்டாம்.

ஓடைக்குப் பின்

எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு, மழைக்காலத்தில் அதிகம். காயத்தை மூடிவிட்டு இறங்குங்கள், தண்ணீரை விழுங்காதீர்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், வீட்டிலேயே கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், ஓடையில் இறங்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள். இதற்கும் ஒரு பக்கம் வையுங்கள், பிரெஞ்சில் லெப்டோஸ்பிரோஸ் என்ற பெயரோடு.

கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே உருவி, எங்காவது மெலிந்திருக்கிறதா, உறை பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வேலையைப் புதியவர்களிடம் கொடுங்கள். தன் விரலால் தேய்மானத்தைத் தொட்டுப் பார்த்தவர் அடுத்த முறை கயிற்றைப் பாறை விளிம்பில் உரசவிட மாட்டார்.

அன்றே, கார் நிறுத்திய இடத்தில் சூடான இஞ்சித் தேநீரோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்? முதலில் கூச்சப்படுவார்கள். மூத்தவர் ஒருவர் தொடங்கினால் மற்றவர்களும் பேசுவார்கள். பதிலைப் பென்சிலால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தின் முதல் பதிப்பை ஆறேழு பிரதிக்கு மேல் எடுக்க வேண்டாம். அதில் நிறையத் திருத்தம் வரும். வாங்கிக்கொண்டவர்களின் பெயரை எழுதிவைத்து, புயல் பருவம் முடிந்ததும் மே மாதத்தில் எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்குங்கள். பழைய ஓடைத் தாள்களை உருவிவிட்டு, பருவம் தொடங்கும்போது நேரில் பார்த்து எழுதிய புதுத் தாள்களைக் கோர்த்துக் கொடுங்கள்.